பழுவூரில் இறக்கிவைத்த பழி

உங்கள் அப்பா உங்களைக் கூப்பிட்டு, 'உன் அம்மாவைக் கொன்றுவிட்டு வா' என்கிறார். என்ன செய்வீர்கள்?

கோபப்படாதீர்கள். இது நான் கிளப்பிய கேள்வி இல்லை. பரசுராமருக்கு வந்த கேள்வி. கடல் தாண்டி, கிரேக்கத்தில் ஒரெஸ்டஸ் என்ற இளவரசனுக்கும் ஏறக்குறைய இதே கேள்விதான் வந்தது. இரண்டு பேருமே கொன்றார்கள். அதன்பிறகு என்ன ஆனது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையில் இருக்கிறது கீழப்பழுவூர். பழுவூர் என்றதும் உங்களுக்குப் 'பொன்னியின் செல்வ'னும் பழுவேட்டரையரும்தான் ஞாபகம் வருவார்கள். தப்பில்லை, அவர்கள் ஆண்ட ஊர்தான். ஆனால், அந்த ஊர் ஆலந்துறையார் கோயிலில் இன்னொரு கதை இருக்கிறது. ('பழு' என்றாலே ஆலமரம்தான்!) ஞானசம்பந்தர் பாடிய தலம். தாயைக் கொன்ற பழி தீர வேண்டுமென்று பரசுராமர் தேடிவந்து வணங்கிய இடம் இது என்கிறது தலபுராணம்.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜமதக்னி முனிவரின் மனைவி ரேணுகா. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஒரு கணம் மனசு தடுமாறிவிட்டது. அவ்வளவுதான். அதற்கு மரண தண்டனையா என்று இன்றைக்கு நாம் கேட்போம். கேட்கத்தான் வேண்டும். ஆனால், முனிவர் கேட்கவில்லை. 'வெட்டு' என்று பிள்ளைகளுக்கு உத்தரவு போட்டார். மூத்தவர்கள் நான்கு பேரும் மறுத்தார்கள். சபித்துவிட்டார். கடைசிப் பிள்ளை கோடரியை எடுத்தார்.

அப்பாவுக்கு ஏக சந்தோஷம். 'என்ன வரம் வேண்டும், கேள்' என்றார். அம்மா பிழைக்க வேண்டும். நடந்தது அவளுக்கு ஞாபகம் இருக்கக்கூடாது. அண்ணன்கள் பழையபடி ஆக வேண்டும். இந்தப் பாவம் என்னைத் தொடக்கூடாது. மகாபாரதத்தின்படி பரசுராமர் கேட்ட வரங்களில் இவை எல்லாமே உண்டு. அத்தனையும் கிடைத்தது.

நான் பி.காம். படித்தவன். பற்று, வரவு என்று இரண்டு பக்கமும் எழுதிக் கூட்டிப் பார்த்தால் கணக்கு அட்சரசுத்தமாக நேராகிவிடுகிறது. போன உயிர் திரும்பி வந்துவிட்டது. பாவமும் தள்ளுபடி. உத்தரவு போட்டதோ அப்பா. ஃபைலை மூடிவிடலாம்.

பழுவூர்க்காரர்கள் மூடவில்லை! வரம் கிடைத்தும் பழி போகவில்லை, அதை இறக்கிவைக்க அவர் இங்கே வரவேண்டியிருந்தது என்று கதை சொன்னார்கள். அந்தக் கதையைக் கட்டியவர் யாரென்று தெரியாது. மனித மனசை நன்றாகப் படித்தவர் என்பது மட்டும் நிச்சயம். 'ஆர்டர் மேலேருந்து வந்துச்சு சார், நான் என்ன பண்றது?' என்று நம் ஆபீஸ்களில் தினமும் கேட்கிற வசனம் இருக்கிறதே, அது பழுவூரில் செல்லுபடியாகவில்லை.

இப்போது ஏதென்ஸுக்குப் போவோம். கி.மு. 458. ஈஸ்கிலஸ் எழுதிய மூன்று நாடகங்கள் அடுத்தடுத்து மேடையேறுகின்றன. டிராய் போருக்குக் கப்பல்கள் கிளம்பக் காற்று வேண்டும் என்பதற்காக, சொந்த மகளையே பலி கொடுத்த ராஜா அகமெம்னன். போர் முடிந்து அவன் வீடு திரும்பியதும் பழி தீர்க்கிறாள் மனைவி. அவர்கள் மகன்தான் ஒரெஸ்டஸ். அப்பாவைக் கொன்றவளைக் கொல்லாவிட்டால் மகனுக்குக் கேடு. கொன்றாலோ தாயைக் கொன்ற பாவம். அப்பல்லோ தெய்வமே 'கொல்' என்கிறது. கொல்கிறான். உடனே கிளம்பி வருகின்றன பழிவாங்கும் தேவதைகள். ஊர் ஊராகத் துரத்துகின்றன.

கடைசியில் ஏதென்ஸில் வழக்கு. நடுவர்களின் ஓட்டு சமம். அதீனா தேவியின் ஓட்டு அவன் பக்கம். விடுதலை! ஆனால், துரத்திவந்த தேவதைகளை 'வழக்கு முடிந்தது, போங்கள்' என்று யாரும் விரட்டவில்லை. அதே ஊரில் அவர்களுக்குக் கோயிலும் பூஜையும் தந்து தங்கவைத்தார்கள். நம் ஊரில் மட்டும் என்ன? வெட்டுப்பட்ட ரேணுகாவைத்தான் மாரியம்மன் என்று கும்பிடுகிறோம். படவேட்டில் சிரசாகவே இருக்கிறாள் ரேணுகாம்பாள். அநியாயமாகப் போன உயிரை மறந்துவிட இரண்டு ஊருக்குமே மனசு வரவில்லை.

கிரேக்க நாடகம் என்றாலே 'விதியின் கையில் மனிதன் ஒரு பொம்மை' என்று சொல்லிவிடுவது வழக்கம். அப்படித்தான் என்றால் அவனை எதற்கு நாயகன் என்கிறோம்? வெள்ளத்தில் அடித்துப் போகிறவனைப் பார்த்துப் பரிதாபப்படுவோம். நாயகன் என்று சொல்வோமா?

ஈடிபஸை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவைக் கொல்வான், அம்மாவை மணப்பான் என்பது அசரீரி மாதிரி வந்த வாக்கு. அதற்குப் பயந்து ஊரைவிட்டே ஓடுகிறான். ஓடிய வழியிலேயே இரண்டும் நடந்துவிடுகிறது, அவனுக்கே தெரியாமல். பல வருஷம் கழித்து உண்மையைத் தோண்டுகிறான். 'வேண்டாம், விட்டுவிடு' என்று மனைவி கெஞ்சுகிறாள். விடவில்லை. தெரிந்ததும் தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான். கவனியுங்கள்... வாக்கில் இருந்தது இரண்டே வரி. கண்ணைக் குத்திக்கொள் என்று எந்தத் தெய்வமும் சொல்லவில்லை. மூன்றாவது வரி அவனே எழுதியது.

நம் பாண்டியன் நெடுஞ்செழியனும் அந்த ஜாதிதான். பொற்கொல்லன் ஏமாற்றிவிட்டான், ஊழ்வினை என்று ஆயிரம் சமாதானம் இருந்தது அவனுக்கு. சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும், ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. தப்பு என்னுடையது என்று அங்கேயே விழுந்து உயிரை விட்டான்.

அதற்காகக் கண்ணைக் குத்திக்கொள்ளச் சொல்கிறேனா? ஐயையோ, இல்லை. அங்கேதான் எனக்குப் பழுவூர் பிடிக்கிறது.

இந்த இக்கட்டு ராஜாக்களுக்கு மட்டும் வருவதில்லை. ஐ.சி.யூ. வாசல். டாக்டர் வெளியே வந்து, 'இனிமே மெஷின்தான் மூச்சு விடுது. நீங்கதான் முடிவு சொல்லணும்' என்கிறார். உள்ளே அம்மா. எடுத்தால் கொன்ற மாதிரி, எடுக்காவிட்டால் வதைக்கிற மாதிரி. அண்ணன், 'எனக்கு ஒண்ணும் ஓடலைப்பா, நீயே பார்த்துக்கோ' என்று நகர்ந்துவிடுகிறார். அக்கா போனில் அழுகிறார். கடைசியில் ஒருத்தர் கையெழுத்துப் போடுகிறார்.

சட்டம் அவரைக் குற்றம் சொல்லாது. 2018-ல் உச்ச நீதிமன்றமே நிபந்தனைகளோடு இதை அனுமதித்துவிட்டது. காரியத்துக்கு வந்தவர்களும், 'அவங்க விதி அவ்வளவுதான்' என்று நல்ல மனசோடு சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவருக்கு மட்டும் ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அந்தப் பேனா ஞாபகம் வருகிறது.

அவரிடம் 'எல்லாம் விதி' என்று சொல்லாதீர்கள். அவர் செய்ததை அவர் செய்யவே இல்லை என்று ஆக்கிவிடுகிறது அந்த வார்த்தை. அது பொய் என்று அவருக்குத் தெரியும். 'நீ செஞ்சது சரிதான்' என்று தீர்ப்பும் சொல்லாதீர்கள். அந்த வரம் பரசுராமருக்கே போதவில்லை.

பழுவூர் அவரைக் கொலைகாரன் என்று விரட்டவில்லை. நீ ஒன்றும் செய்யவில்லை என்று பசப்பவும் இல்லை. 'செய்தது நீதான். பாரம் தாங்கவில்லையா, இங்கே வந்து இறக்கு' என்றது.

உங்கள் குடும்பத்திலும் அப்படிக் கையெழுத்துப் போட்டவர் ஒருத்தர் இருப்பார். அடுத்த முறை ஊருக்குப் போனால் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். 'அன்னிக்கு ஆஸ்பத்திரியில என்னண்ணே நடந்துச்சு?' என்று கேளுங்கள். அப்புறம் குறுக்கே பேசாதீர்கள்.