தேய்வது நிலவா, நம் பார்வையா?



எனக்குச் சதாபிஷேகம் செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் இப்போதே பேசத் தொடங்கிவிட்டார்கள். எண்பது வயதைக் கடந்தவரை 'ஆயிரம் பிறை கண்டவர்' என்று போற்றுவது நம் மரபு. ஏறக்குறைய 29½ நாளுக்கு ஒரு முறை வரும் பிறையை ஆயிரம் வரை எண்ணினால், எண்பது வயதும் பத்து மாதமும் ஆகும். அந்தப் பெருமையை நெருங்கிக்கொண்டிருக்கும் எனக்கு, ஏழு வயதுப் பேத்தி பிறையைப் பற்றி ஒரு பாடம் கற்பித்தாள்.

ஓர் இலையுதிர்கால மாலை அவள் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஒரு வீடு, பின்னால் மவுண்ட் ஈடன் குன்று, அதன் மேல் பிறைச்சந்திரன். பிறையை வில்லை நிறுத்தியதுபோல் நிமிர்த்தி, இடப்பக்கம் ஒளி இருப்பதாக வரைந்திருந்தாள். "பிறை இப்படி நிற்காதம்மா, தோணி மாதிரிப் படுத்திருக்கும். சுவாமி சடையில் பார்த்ததில்லையா?" என்று சொல்லி, ரப்பரால் அழித்துவிட்டு நானே ஒன்று வரைந்து கொடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் மாலை என் கையைப் பிடித்துத் தோட்டத்துக்கு அழைத்துப் போனாள். மேற்கு வானில் பிறை, அவள் வரைந்தபடியே நிமிர்ந்து நின்றது. "நான் பார்த்ததைத்தானே வரைந்தேன், தாத்தா" என்றாள். ஆக்லாந்துக்கு வந்து நான்கு ஆண்டுகளாகியும் இந்த ஊர்ப் பிறையை நான் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. மாயவரத்துப் பிறையையே மனத்தில் வைத்துக்கொண்டு குழந்தையின் பிறையை அழித்துவிட்டேன்.

ஏன் இந்த வேறுபாடு? மாயவரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையில் இருக்கிறது. ஆக்லாந்து தெற்கே ஏறக்குறைய 37 பாகையில் இருக்கிறது. பூமி உருண்டையாதலால், அங்கே நின்ற நான் இங்கே 48 பாகை சாய்ந்து நிற்கிறேன். சாய்ந்தவன் நான், ஆனால் நிலவு சாய்ந்துவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது.

வளர்வதும் தேய்வதும்கூட இப்படிப்பட்ட தோற்றமே. பூமியின் நிழல் விழுவதால் நிலவு தேய்கிறது என்று படித்தவர்களிலும் பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. பூமியின் நிழல் நிலவின்மேல் விழுவது சந்திரகிரகணத்தின்போது மட்டுமே. அதுவும் பௌர்ணமியில்தான் நிகழும். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இருட்டறையில் ஒரு மேசை விளக்கை ஏற்றிவைத்து, ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். விளக்கை நோக்கி நின்றால் பழத்தின் இருண்ட பக்கமே தெரியும், அது அமாவாசை. மெல்லத் திரும்பினால் விளிம்பில் ஒளிக்கீற்று, பிறகு பாதி. விளக்குக்கு முதுகு காட்டி, தலையின் நிழல் விழாதபடி பழத்தைச் சற்றே உயர்த்திப் பிடித்தால் முழு நிலவு. நிலவின் பாதையும் ஏறக்குறைய 5 பாகை சாய்ந்திருப்பதால்தான் பௌர்ணமிதோறும் கிரகணம் வருவதில்லை.

இத்தனை நேரமும் பழத்தின் ஒரு பாதி ஒளி பெற்றுக்கொண்டேதான் இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நம் கண்ணுக்குத் தெரிந்த பங்கு மட்டுமே மாறியது.

தட்சனின் சாபத்தால் சந்திரன் தேய்ந்தான் என்றும், சிவபெருமான் அவனைச் சடையில் ஏற்று அருளினார் என்றும் புராணம் சொல்கிறது. திருவையாற்றுக்கு அருகிலுள்ள திங்களூரில் சந்திரனை வழிபட்டு வளர்ந்தவன் நான். ஆயினும் பேத்தியின் பிறையைக் கண்ட இரவில் என் நினைவு சென்றது திருக்கடையூருக்கு.

தை அமாவாசையன்று சரபோஜி மன்னர் அங்கே வந்து, இன்று என்ன திதி என்று கேட்க, அன்னையின் திருமுகத்தில் ஆழ்ந்திருந்த அபிராமி பட்டர் பௌர்ணமி என்றார். மன்னர் சினந்தார். நிலவு தோன்றாவிடில் தண்டனை என்றார். பட்டர் அந்தாதி பாட, 79ஆம் பாடலில் அன்னை தன் தாடங்கத்தை வானில் வீச, அது முழுநிலவாய் ஒளிர்ந்தது என்பர். இது பக்தியின் பெருமையைச் சொல்லும் கதை. பட்டர் வானசாஸ்திரம் பேசினார் என்று நான் வாதாட வரவில்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அமாவாசையன்றும் சூரியனை நோக்கிய நிலவின் பாதி முழுமையாகவே ஒளிர்கிறது. மன்னர் சொன்ன திதியில் பிழையில்லை. எதிரே நிற்பவர் எதைக் கண்டு அப்படிச் சொன்னார் என்று கேட்காமலே தண்டிக்கத் துணிந்ததுதான் பிழை. என் கையிலிருந்த ரப்பரும் அதே வேலையைத்தான் செய்தது.

அப்படியானால் எல்லாமே அவரவர் பார்வைதானா, சரி தவறு என்பதே இல்லையா என்று சிலர் கேட்கலாம். அப்படியன்று. நிலவு இருக்குமிடம் ஒன்றுதான். சூரியனுக்கும் நிலவுக்கும் இடையே 12 பாகை விலகினால் ஒரு திதி. அது முடியும் கணம் உலகுக்கெல்லாம் ஒன்றே. ஆடி அமாவாசைத் திதி இந்தியாவில் செவ்வாய் அதிகாலை 3 மணிக்கு முடிந்தால், அதே கணம் இங்கே செவ்வாய் காலை 9.30. ஊரில் திங்கட்கிழமைச் சூரிய உதயத்திலும், இங்கே செவ்வாய்க்கிழமைச் சூரிய உதயத்திலும் அமாவாசை இருக்கும். நாள் வேறாகத் தோன்றினாலும் இரு கணக்கும் சரியே. இந்நாட்டு மாவோரி மக்களும் மரமதக்கா என்னும் தங்கள் நாட்காட்டியில் நிலவின் ஒவ்வோர் இரவுக்கும் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். 2022 முதல் அரசு விடுமுறையாகிவிட்ட மத்தாரிக்கித் திருநாளும் நிலவைப் பார்த்தே குறிக்கப்படுவதால், ஆண்டுதோறும் தேதி மாறுகிறது. நின்ற இடத்திலிருந்து உண்மையாகப் பார்த்தவர்கள் இவர்கள் எல்லோரும். பாராமலே தீர்ப்புச் சொன்னவன் நான் ஒருவன்தான்.

நம் குடும்பங்களில் இது அன்றாடம் நடக்கிறது. "இந்தப் பிள்ளைகளிடம் தமிழ் தேய்ந்துவிட்டது" என்று பெரியவர்கள் சொல்கிறோம். அவர்கள் எதைக் கண்டு, எந்த மொழியில் வியக்கிறார்கள் என்று கேட்பதில்லை. ஊரில் தலைமை ஆசிரியராக இருந்தவர் இங்கே கடைக்குப் போகவும் மகனின் காரை எதிர்பார்த்து நிற்கிறார். அவர் தேய்ந்துவிட்டதாகப் பிள்ளைகளும் எண்ணுகிறார்கள். சில மாலைகளில் அவரே எண்ணிக்கொள்கிறார். என்னையே சொல்கிறேன். முதுமை ஓரளவு உண்மையான தேய்வுதான். நிலவைப் போல அது மீண்டும் வளராது. ஆனால் நாம் தேய்வு என்று சொல்வதில் எவ்வளவு உண்மையான குறைவு, எவ்வளவு நம் கண்ணில் படாத ஒளி என்று பிரித்தறியாமல் ஒருவரை மதிப்பிடலாமா?

மெல்லிய பிறையன்று கூர்ந்து பாருங்கள். இருண்ட பாகமும் மங்கலாகத் தெரியும். அது பூமியில் பட்டு நிலவுக்குச் சென்று திரும்பும் சூரிய ஒளி. அமாவாசையன்று நிலவில் நின்று பார்த்தால் பூமி முழு வட்டமாக ஒளிரும். நமக்கு அது இருண்டிருக்கும் நாளில்தான் அதற்கு நாம் அதிக ஒளி அனுப்புகிறோம். நம்மில் ஒருவர் மங்கியிருக்கும் நாளில் மற்றவர் செய்ய வேண்டியதும் அதுவே.

அழித்த பிறையை மீண்டும் வரைந்து தரும்படி பேத்தியிடம் கேட்டேன். இரண்டு பிறை வரைந்தாள், ஒன்று நின்றது, ஒன்று படுத்தது. "இது என்னுடையது, அது உங்களுடையது" என்றாள். அடுத்த மூன்றாம் பிறையன்று பூஜை முடிந்ததும் உங்கள் வீட்டுக் குழந்தைகளையும் வெளியே அழைத்துச் செல்லுங்கள். பிறை எப்படி இருக்கிறது என்று நீங்கள் சொல்வதற்கு முன், அவர்களைக் கேளுங்கள்.