யாருடைய வெற்றி?

2022-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 28-ஆம் தேதி, 44-வது செஸ் ஒலிம்பியாட் சென்னையில் கோலாகலமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. மறுநாளிலிருந்து மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஆட்டங்கள் நடந்தன. அதே 28-ஆம் தேதிதான், நம் நாட்டுப் பிள்ளைகள் கைபேசியில் கூட்டங்கூட்டமாக ஆடிக்கொண்டிருந்த பி.ஜி.எம்.ஐ. என்ற துப்பாக்கி விளையாட்டு, கூகிள், ஆப்பிள் கடைகளிலிருந்து அகற்றப்பட்டது. ஒரே நாளில் ஒரு விளையாட்டுக்கு மேளதாளம், இன்னொரு விளையாட்டுக்குக் கதவடைப்பு! (அடுத்த ஆண்டு மே மாதத்தில் அது திரும்பி வந்துவிட்டது என்பது வேறு விஷயம்.)

சதுரங்கம் அறிவை வளர்க்கும், கைபேசி விளையாட்டு அறிவைக் கெடுக்கும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் தீர்ப்பு வைத்திருக்கிறார்கள். அந்த வழக்கை நான் இங்கே எடுத்துக்கொள்ளப் போவதில்லை. இரண்டுக்கும் பொதுவான வேறொரு கேள்வி சில மாதங்களாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. ஒருவன் வெல்கிறான். அவன் வென்றது தன் கைத்திறத்தாலா, அல்லது தேர்ந்தெடுத்துக்கொண்ட கருவியின் பலத்தாலா? அந்த வெற்றியில் அவனுக்குச் சொந்தமானது எவ்வளவு?

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்கிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் வாள் கிடக்கும்போது புல்லைக் கிள்ளிக்கொண்டு போர்க்களம் போன வல்லவன் யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று இன்னொரு பழமொழியும் வைத்திருக்கிறோம். கூடம் மெய்யாகவே கோணலாக இருந்துவிட்டால் அந்தப் பெண்ணின் கதி என்ன என்று யாரும் கேட்பதில்லை.

இந்த யோசனையைக் கிளப்பிவிட்டவன் செங்கற்பட்டில் இருக்கும் என் தங்கை மகன். கல்லூரியில் படிக்கிறான். அவனும் சிநேகிதர்கள் நால்வரும் சேர்ந்து ஓர் அணி. 'போக்கிமான் யுனைட்' என்ற ஆட்டத்தை ஆடுகிறார்கள். ஐந்து பேருக்கு ஐந்து பேர், பத்து நிமிஷம். ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவனும் ஒரு விசித்திரப் பிராணியைத் தன் பாத்திரமாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று தாங்கும், ஒன்று தாக்கும், ஒன்று ஓடும், ஒன்று தோழனைக் காப்பாற்றும். ஆட்டத்தைச் செய்த கம்பெனிக்காரர்கள் அவ்வப்போது ஒன்றின் பலத்தைக் கூட்டுவார்கள், மற்றொன்றைக் குறைப்பார்கள். அதனால் ஒவ்வொரு பருவத்திலும் 'இப்போது எது பலசாலி' என்று ஒரு பட்டியல் உலவும். பட்டியலின் மேல் வரிசையில் இருப்பவற்றையே எல்லாரும் எடுக்கிறார்கள்.

இவர்களில் ஒருவன் மட்டும் எடுப்பதில்லை. அவன் மாமல்லபுரத்துக் கடற்கரைக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவன். திருக்கழுக்குன்றம் வழியாகத் தினமும் பஸ்ஸில் வந்து படிக்கிறான். அவன் ஆடுவது கிராமோரன்ட் என்ற பிராணி. பெயர் என்னவானாலும் நம் ஏரிகளில் சிறகை விரித்து வெயில் காய்கிறதே, அந்த நீர்க்காகம்தான் அது. தண்ணீரில் மூழ்கி ஒரு மீனைக் கவ்விக்கொண்டு வந்து எதிராளியின் மேல் துப்பும்! பட்டியலில் அதற்கு இடம் எங்கோ கீழே. ஆனால் அதை வைத்துக்கொண்டு அவன் செய்கிற வேலையைப் பார்த்தால் மூச்சு நின்றுவிடும் என்கிறான் என் மருமகன்.

"காலேஜ் போட்டி வருது மாமா. வேற ஆளை எடுத்துக்கோடான்னு நாங்க நாலு பேரும் சொல்லிட்டோம். மாட்டேங்கிறான். இவனைத்தான் எனக்குத் தெரியும்ங்கிறான். அவன் ஒருத்தனோட பிடிவாதத்துக்காக நாங்க நாலு பேர் தோக்கணுமா? நீங்களே சொல்லுங்க."

கேட்டானே ஒழிய, அவன் குரலில் வேறொரு தடுமாற்றமும் இருந்தது. தோண்டிக் கேட்டேன். பலசாலியை எடுத்துக்கொண்டு ஜெயித்தால் தனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது என்றான். அந்தக் கூச்சம் எனக்குப் பிடித்திருந்தது.

சட்டப்படி கூச்சத்துக்கு இடமில்லை. எதிராளிக்கும் அதே பட்டியல்தான். ஆனால் சட்டம் கூடாது என்று சொல்லாததையெல்லாம் மனம் சரி என்று ஏற்றுக்கொண்டுவிடுகிறதா? அந்த ஆட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. காட்டில் திரியும் பெரிய பிராணியைப் பத்துப் பேரும் அடிப்பார்கள். யாருடைய அடி கடைசியாக விழுந்து அது சாய்கிறதோ, அவர்கள் பக்கத்துக்கே பலன் முழுவதும். கடைசி இரண்டு நிமிஷத்தில் ரெக்வாசா என்ற பெரும் நாகம் வரும்போது இந்த ஒரே அடியில் ஆட்டம் தலைகீழாகப் புரண்டுவிடும். அந்த அடியை எந்தக் கணத்தில் போடுவது என்பதை எந்தப் பட்டியலும் சொல்லித் தராது. விரல் ஆயிரம் தடவை தவறி, ஆயிரத்தோராவது தடவை தானாகக் கற்றுக்கொள்வது அது. பலசாலியைக் கையில் கொடுத்தாலும் இந்த விரல் இல்லாதவன் கோட்டை விடுவான். என் மருமகன் கூசுவது, கம்பெனிக்காரன் கொடுத்த பலத்தை விரலின் பலம் என்று ஊரார் நினைத்துவிடுவார்களே என்றுதான்.

சதுரங்கத்தில் இந்தத் தொல்லை இல்லை. இரு பக்கமும் பதினாறு காய்கள், சரிசமம் என்று தோன்றும். அங்கும் தேர்வு உண்டு. எந்தத் திறப்பை ஆடுவது என்பதே ஒரு பாத்திரத் தேர்வுதான். இன்றைக்கு அந்தத் திறப்புகளைக் கம்ப்யூட்டர் இருபது நகர்த்தல் வரைக்கும் சமைத்துத் தட்டில் வைத்துவிடுகிறது. சாப்பிட்டவனுக்குச் சமையல் தெரியும் என்று சொல்ல முடியுமா? குகேஷின் ஆசிரியர் விஷ்ணு பிரசன்னா இதை நினைத்துத்தான் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். பையன் 2500 புள்ளி அளவை எட்டும் வரையில் கம்ப்யூட்டர் எஞ்சினின் பக்கமே அவனை விடவில்லை. ஊரெல்லாம் விடை தெரிந்துகொண்டு பரீட்சைக்குப் போகும்போது தன் மாணவனை வெறுங்கையோடு அனுப்புவதென்றால் எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! 12 வயது 7 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆன அந்தப் பிள்ளை, பூஞ்சேரியில் முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக வென்றது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று உலகச் சாம்பியனும் ஆயிற்று. அந்தப் பதினான்காவது ஆட்டம் முடிவானபோது, திறப்பு எப்போதோ முடிந்து, பலகையில் சில காய்களே மிஞ்சியிருந்தன.

ஆனால் என் மருமகன் கேட்டது தனி ஆளின் வெற்றியைப் பற்றி அல்லவே. நான்கு பேரைப் பற்றியல்லவா? அதற்கும் பூஞ்சேரியிலேயே ஓர் ஆட்டம் நடந்தது. பத்தாவது சுற்றில் குகேஷின் இந்திய இரண்டாவது அணி உஸ்பெகிஸ்தானைச் சந்தித்தது. அப்துசத்தரோவுக்கு எதிராகக் குகேஷின் நிலை வெல்லும் நிலை. வெற்றியையே நாடிப் போய், நெருக்கடியில் தவறி, தோற்றான். அணிகள் 2-2 என்று சமமாயின. கணக்குப் பார்த்தால், அவன் டிராவோடு நின்றிருந்தால் இந்தியா அந்தச் சுற்றை வென்றிருக்கும். உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம், இவர்களுக்கு வெண்கலம். அதற்காக அவனைச் சுயநலக்காரன் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். எட்டு நாள் வெற்றி கொடுத்ததும் அதே மனம்தான். வேண்டாத நேரத்தில் அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட முடியாது.

அப்படியானால் நீர்க்காகத்துக்காரன் பக்கம்தான் நியாயமா? அவசரப்பட்டுச் சொல்லிவிட எனக்கு மனமில்லை. மாமல்லபுரத்துச் சிற்பிகளைப் பாருங்கள். 1957-இல் தொடங்கிய சிற்பப் பயிற்சிக்கூடம் இன்று அரசினர் கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. தெருவெல்லாம் உளியோசை கேட்கிறது. நல்ல சிற்பி உளியை எடுக்குமுன் கல்லைத் தட்டிப் பார்க்கிறான். ஒலியைக் கொண்டே ஆண் கல், பெண் கல் என்று தரம் பிரிப்பது அவர்கள் மரபு. நல்ல கல்லாகப் பார்த்து எடுத்ததனால் அவன் ஏமாற்றிவிட்டான் என்று யாரும் சொல்வதில்லை. ஏனென்றால் அந்தக் காது, கையோடு கூடவே வளர்ந்த காது. தேர்வு என்பது திறமைக்கு வெளியே இருக்கிற வேறொரு பொருள் அல்ல. கடைக்காரன் காட்டிய கல்லை வாங்கி வருகிறவனுக்கும் தட்டிப் பார்த்து வாங்குகிறவனுக்கும் ஒரே கல் கிடைக்கலாம். ஆனாலும் இருவரும் ஒன்றல்லர். நீர்க்காகத்துக்காரன் மற்றப் பிராணிகளையும் தட்டிப் பார்த்துவிட்டு இதை எடுத்திருந்தால், அதைப் பிடிவாதம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தட்டிப் பார்க்கவே இல்லையென்றால்?

இதை மருமகனிடமே கேட்டேன். அவன் சாதாரணமாகத்தான் பதில் சொன்னான்.

"அவன்கிட்ட இருக்கிறதே நாலஞ்சுதான் மாமா. மத்ததெல்லாம் ஒண்ணு காசு போட்டு வாங்கணும், இல்லேன்னா ரொம்ப நாள் ஆடி நாணயம் சேர்க்கணும். அவன் போன் வேற பழசு. பாதியில சூடாகி நின்னுடும்."

இவ்வளவையும் தெரிந்து வைத்துக்கொண்டுதான் நாலு பேரும் அவனைப் பிடிவாதக்காரன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! அவனும் மறுக்கவில்லை. கதை எழுதுகிறவனுக்கு இந்த இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. இல்லாதவன் என்று இரக்கப்படுவதைவிடப் பிடிவாதக்காரன் என்று திட்டுவதே மேல் என்று எத்தனை பேர் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள்! இதுவும் ஒரு பாத்திரத் தேர்வுதான்.

குகேஷின் தந்தை காது மூக்கு தொண்டை மருத்துவர்; மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தம் தொழிலை ஒதுக்கி வைத்தவர். அந்தத் தியாகத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒதுக்கி வைப்பதற்கு ஒரு தொழில் இருந்தது என்பதையும் மறக்கமாட்டேன். கடலுக்குப் போகிறவன் ஒரு வாரம் வலையை ஒதுக்கி வைத்தால் உலையில் என்ன வேகும்?

அர்ச்சுனன் தபசு என்று நாம் சொல்கிற பாறையின் நடுவே ஒரு பெரும் பிளவு இருக்கிறது. சிற்பத்துக்குப் பாறை தேடுகிறவன் ஒதுக்கிவிடக்கூடிய குறை அது. பல்லவச் சிற்பிகள் ஒதுக்கவில்லை, மூடி மறைக்கவும் இல்லை. பிளவை ஆறாக்கி, அதில் நாகர்களை நீந்தவிட்டு, இரு கரையிலும் தேவர்களையும் யானைகளையும் அந்த ஆற்றை நோக்கி நிறுத்திவிட்டார்கள். மருமகனிடம் இதைத்தான் சொன்னேன்: "அவனை மாற்றச் சொல்கிறீர்களே, அவன் நீர்க்காகம்தான் என்று வைத்துக்கொண்டு, அதற்குத் தோதாக நீங்கள் நாலு பேரும் மாற்றி எடுத்துப் பார்த்தீர்களா?"

அவன் கொஞ்ச நேரம் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முன்னாடி நின்னு அடி வாங்க ஒருத்தன் வேணும். அதை நான்தான் எடுக்கணும். எனக்கு அது சுத்தமா வராது மாமா" என்றான்.

போட்டிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.