பொறுமை யாருக்கு? அவசரம் எதற்கு?

 

நிதானத்தைப் பற்றியும் பொறுமையைப் பற்றியும் நம் முன்னோர் அநேக பழமொழிகளைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். 'பதறாத காரியம் சிதறாது' என்பார்கள். 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்பார்கள். நம்மோடு வாழும் மலாய்ச் சகோதரர்களும் 'பியார் லம்பாட், அசால் சலாமாட்' என்கிறார்கள். தாமதமானாலும் பாதகமில்லை, சுகமாய்ப் போய்ச் சேர்ந்தால் போதும் என்பது அதன் கருத்து. எல்லாம் நல்ல சொற்களே. ஆனால் இவற்றை யார், யாருக்கு, எந்தச் சமயத்தில் சொல்கிறார்கள் என்பதைச் சற்றுக் கவனிக்க வேண்டும்.

நாம் மளிகைக் கடை நடத்துகிறோம். நம்மிடம் நேர்ந்த தவற்றையே முதலில் சொல்லிவிடுகிறோம். ஒரு சமயம் அரிசிக்கு முன்பணம் கட்டினால் மூட்டைக்கு இரண்டு வெள்ளி குறையும் என்றார்கள். கையிலிருந்த பணத்தையெல்லாம் அதிலே போட்டோம். மாதம் பிறந்து பத்து நாளாகியும் கடையில் வேலை செய்யும் தம்பிக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. "முதலாளி, ஊரிலே உம்மாவுக்குக் கண் வைத்தியம். பணம் அனுப்ப வேண்டும்" என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "பொறு தம்பி, பொறுத்தார் பூமி ஆள்வார்" என்றோம். அன்று மாலையே, நம்மிடம் கடன் சொல்லிச் சாமான் வாங்கிய ஒருவரைக் கூப்பிட்டு, "இன்றைக்கே கட்டு" என்று சத்தம் போட்டோம். தம்பி பக்கத்துக் கடை வேலையாளிடம் கைமாற்று வாங்கி ஊருக்கு அனுப்பினார் என்பது இரண்டு நாள் கழித்தே நமக்குத் தெரிந்தது. வெட்கித் தலை குனிந்தோம். வர வேண்டிய பணத்துக்கு அவசரம், கொடுக்க வேண்டிய பணத்துக்குப் பழமொழி! இதுவா பொறுமை?

நமது மார்க்கம் இதற்கு நேர் மாறான வழியைக் காட்டுகிறது. அவசரம் ஷைத்தானின் காரியம் என்றாலும், ஐந்து காரியங்களில் அவசரப்படத்தான் வேண்டும் என்று ஹாத்திமுல் அஸம்மு (ரஹ்) என்னும் பெரியார் சொன்னதாக உலமாக்கள் எடுத்துக் கூறுவார்கள். விருந்தாளிக்கு உணவு வைப்பது, மய்யித்தை அடக்கம் செய்வது, பருவமடைந்த குமருக்கு நிக்காஹ் செய்து வைப்பது, கடனை அடைப்பது, பாவத்திலிருந்து தவ்பாச் செய்வது ஆகியவை அந்த ஐந்து. வசதியுள்ளவன் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்றும், உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்றும் ஹதீஸ்களில் வந்திருக்கிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கையைப் பாருங்கள். கி.பி. 622-இல் மக்காவை விட்டு ஹிஜ்ரத் புறப்பட்ட வேளையில், கொல்ல வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்து நின்றார்கள். அப்போதும், தம்மிடம் மக்காவாசிகள் ஒப்படைத்திருந்த அமானிதங்களை உரியவர்களிடம் சேர்க்கும்படி அலி (ரலி) அவர்களை வைத்துவிட்டே போனார்கள். பிறர் பொருளென்றால் உயிராபத்திலும் அதை மறக்கவில்லை.

ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு (கி.பி. 628) ஹுதைபிய்யாவில் நடந்ததோ வேறு. சுமார் 1,400 ஸஹாபாக்களுடன் உம்ராவுக்குப் போன நாயகத்தைக் குறைஷிகள் தடுத்தார்கள். உடன்படிக்கை எழுதும்போது 'அல்லாஹ்வின் தூதர்' என்ற சொல்லையே நீக்கச் சொன்னார்கள். ஸஹாபாக்கள் மனம் கொதித்தார்கள். நாயகமோ அதைப் பொறுத்துக்கொண்டு, அந்தச் சொல்லைத் தம் கையாலேயே அழித்தார்கள். அவ்வருடம் உம்ராச் செய்யாமலே திரும்பவும் சம்மதித்தார்கள். பின்வாங்கியதுபோல் தோன்றிய அது முன்னேற்றமாயிற்று. இரண்டே ஆண்டில், ஹிஜ்ரி 8-இல், 10,000 பேருடன் மக்காவுக்குள் பிரவேசித்தார்கள்.

தமக்குரிய மரியாதையில் பொறுமை. பிறருக்குரிய பொருளில் தாமதமின்மை. நாம் படிக்க வேண்டிய பாடம் இதுதான்.

அப்படியானால் நிதானமாய் நடப்பது எப்படி? தொழுகைக்கு ஓடி வராமல் அமைதியாய் நடந்து வரும்படி நாயகம் (ஸல்) போதித்திருக்கிறார்கள். பாங்கு சொன்னதும் கடையை விட்டு எழுந்தவர் அமைதியாய் நடக்கலாம். இகாமத் கேட்ட பிறகு கல்லாவைப் பூட்டுகிறவர் ஓடத்தான் செய்வார். முன்னதாகப் புறப்படுகிறவருக்கே நிதானம் வாய்க்கும். கொடுக்கல் வாங்கலும் அப்படியே. இப்போது நாம் தினந்தோறும் கல்லாவை எண்ணியதும் சம்பளப் பங்கைத் தனியே எடுத்து வைத்த பிறகுதான் சரக்குக்குப் பணம் ஒதுக்குகிறோம். 'அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்' என்ற பழமொழிக்கு இதுவே சரியான இடம் என்று நினைக்கிறோம்.

ஆகவே, சகோதரர்களே! இனி யாரிடமாவது "பொறுங்கள்" என்று சொல்ல வாயெடுக்குமுன், நாம் அவருக்குக் கொடுக்க வேண்டியது ஏதும் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வோம். இருந்தால் முதலில் அதைக் கொடுப்போம். நமக்கு வர வேண்டியது தாமதித்தால், அப்போது எல்லாப் பழமொழிகளையும் நமக்கு நாமே சொல்லிக்கொள்வோம்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அந்த நல்ல தவ்பீக்கைத் தந்தருள்வானாக! ஆமீன்.