வீடும் அயலும்

ஓர் ஊரில் வாழ்வதற்கு ஒருவன் எவருடைய அனுமதியைப் பெறவேண்டும்? இக்கேள்வியை நாம் நூல்களிலிருந்து பெறவில்லை. சென்ற ஆண்டு வீடொன்று வாங்க முற்பட்ட வேளை, ஓர் ஒழுங்கையின் படலையடியில் நின்று பெற்றோம்.

சாவகச்சேரி நகரசபை எல்லைக்குள் நிகழ்ந்தது இது. நகரசபை என்ற பெயரைக் கேட்டு வாசகர் பெருநகரொன்றைக் கற்பனை செய்யவேண்டியதில்லை. கண்டி வீதி, புகையிரத நிலையம், சந்தை என்பன சேர்ந்த ஒரு சிறு திரட்சி. அதைவிட்டுச் சற்றுத் தூரம் நடந்தால் தென்னந்தோப்பும் பலாமரங்களும் வயலுந்தான். 2000ஆம் ஆண்டுப் போரில் இப்பட்டினம் பெரும்பாலும் இடிந்து போயிற்று. ஆதலால் இன்று விலைக்கு வரும் வீடுகளுட் பல ஒருமுறை வீழ்ந்து மறுமுறை எழுந்தவை. சில எழாமலே கிணறும் ஒரு பக்கச் சுவரும் மாத்திரம் மிஞ்சியவை. உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ இருப்பார். அற்றோணித் தத்துவம் பெற்ற சிறிய தந்தையாரோ மைத்துனரோ இங்கிருந்து பேரம் பேசுவார்.

காணி உறுதிகளின் தமிழ் தனியானதோர் இலக்கியம். வரகு விதைத்த காலம் போய்விட்டது. ஆயினும் 'இலாச்சம் வரகுக்கல்ச்சர்' என்ற அளவை உறுதிகளில் இன்னும் நிலைத்திருக்கிறது. வீட்டோடு கிணற்றிற் பங்கும், வழிவாய்க்கால் உரிமையும், நிற்கின்ற பயன்மரங்களும் எழுதப்படுகின்றன. கிழக்கே இன்னார் காணி, மேற்கே இன்னார் காணி என நான்கு எல்லைகளும் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றன. வீடு வாங்குபவன் அயலையும் சேர்த்தே வாங்குகிறான் என்பதை நொத்தாரிசுமார் தத்துவஞானிகளுக்கு முன்னரே அறிந்திருந்தனர்.

எம்மோடு ஒரே பாடசாலையிற் கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் உளர். பதினோராண்டுகளில் நான்கு வாடகை வீடுகள் மாறியவர். சந்தைக்கு அண்மையிலுள்ள மூன்று பரப்புக் காணியையும் அதிலுள்ள கல்வீட்டையும் அவர் விலை பேசினார். விலை தீர்ந்தது. வங்கிக் கடனும் ஏறத்தாழ உறுதியாயிற்று. வெள்ளிக்கிழமை முற்பணம் கொடுப்பதென்று ஏற்பாடு. வியாழன் மாலை, பங்குகாரர் ஒருவர் உரிமை கோருகிறார் என்று விற்பவர் செய்தி அனுப்பினார். உறுதியில் அப்படியொரு பங்குகாரர் இல்லை.

இரு வாரங்களின் பின் அதே பெரியவர் எம்மை அழைத்தார். எமது தாயாரின் ஊரையும் தந்தையாரின் ஊரையும் முன்னதாகவே விசாரித்திருந்தார் என்பது அவர் பேச்சிலிருந்தே விளங்கியது. "தம்பி, நீங்கள் எங்கட ஆள். உங்களுக்கெண்டால் மூண்டு லட்சம் குறைச்சுத் தரலாம்" என்றார். நண்பரைப் பற்றிக் கேட்டோம். "நல்ல மனிசன்தான், படிச்ச மனிசன். நான் வித்துப்போட்டுப் போயிடுவன். இருக்கிற அயல் என்னை என்ன சொல்லும்?" என்றார். அவரை வெறுப்பது எளிது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. பங்குகாரர் என்று அவர் குறிப்பிட்டது அந்த அயலைத்தான்.

இங்கே சிறிது சட்ட வரலாறு கூறவேண்டியிருக்கிறது. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமை, ஒருவன் தன் காணியை விற்குமுன் உரிமைக்காரருக்கும் பங்காளிகளுக்கும், அக்காணியை ஈடு பிடித்திருக்கக்கூடிய அயற்காணிக்காரருக்கும் அறிவிக்கவேண்டும் என்றது. ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்டவலு அளித்தனர். 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இம்முற்கொள்வனவு உரிமையைப் பங்குடைமையாளருக்கும் வழியுரிமையாளருக்கும் மட்டும் என்று சுருக்கியது. ஏட்டளவில் அயலான் அன்றே வெளியேறிவிட்டான். ஒழுங்கையிலோ அவன் இன்றும் வீற்றிருக்கிறான். இன்னொன்றையும் மறத்தலாகாது. அயலானின் உரிமையைச் சொன்ன அதே தேசவழமை, அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதியை ஒதுக்கியிருந்தது. இலங்கையில் அடிமைமுறை 1844இல் ஒழிக்கப்பட்டது. அப்பகுதி செத்தது; ஆனால் அப்பகுதியிற் பெயர் குறிக்கப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் வீடு தேடும்போது "எந்தப் பகுதி?" என்ற கேள்வி எழுந்து நிற்கிறது.

குடிமகன் என்ற சொல்லை நாம் வகுப்பிற் கற்பிக்கிறோம். நாட்டின் உரிமை பெற்ற உறுப்பினன் என்று பொருள் கூறுகிறோம். யாழ்ப்பாணத்து வழக்கிற் குடிமக்கள் என்போர், வீடுகளுக்குப் பரம்பரைத் தொழில் செய்யக் கடமைப்பட்டோர். குடிமை என்பது அவ்வூழியத்தின் பெயர். ஒரே சொல் இரு பொருளும் சுமந்து ஒரே தெருவில் நடமாடுகிறது. எந்தப் பொருள் எப்போது வழங்கும் என்பதை மாணவர் எம்மிடமிருந்தன்று, வீட்டிலிருந்து கற்கின்றனர்.

ஊருக்குத் தன் அயலைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அறவே இல்லையா? இதை நேர்மையாக ஆராயவேண்டும். முற்கொள்வனவு வழமை வெறும் செருக்கிலிருந்து பிறந்ததன்று. துண்டு துண்டாய்ப் பிரிந்த குடும்பக் காணி கடன் கொடுத்தவன் கைக்குப் போய்விடாமல் அது தடுத்தது. இன்றுங்கூட, கடைத்தொகுதி கட்டுவதற்காக வீட்டு வளவுகளை வாரி வாங்கும் பணக்காரனை ஓர் ஒழுங்கை ஒன்றுகூடி மறுக்குமானால் நாம் அவ்வொழுங்கையின் பக்கமே நிற்போம். அதனினும் பெரிய விடயம் ஒன்றுண்டு. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் முதலாக, அரசின் குடியேற்றங்கள் எமது பிரதேசங்களின் மக்கட் பரம்பலை மாற்றுவதைத் தமிழ்மக்கள் எதிர்த்து வந்திருக்கின்றனர். அவ்வெதிர்ப்பு நியாயமானது. அப்படியாயின், 'எங்கள் ஊரில் யார் குடியிருப்பது என்பதை நாங்கள் தீர்மானிப்போம்' என்று ஒழுங்கை சொல்லும்போது மட்டும் நாம் ஏன் முகஞ் சுளிக்கவேண்டும்? எம் ஆசிரியர் கூடத்தில் ஒருவர் எம்மை மடக்கிய கேள்வி இதுவே. அன்று எமக்கு விடை வாய்க்கவில்லை.

பின்னர் எண்ணிப் பார்த்தோம். இரண்டிலும் ஒலிப்பது ஒரே வாக்கியந்தான். ஆனால் அதைச் சொல்லும் வாய் வேறு. அரசு தன் படையோடும் பணத்தோடும் வருகையில், தாக்கப்படுபவன் சொல்லும் 'எங்கள் ஊர்' தற்காப்பு. தலைமுறை தலைமுறையாய் நிலத்தை வைத்திருந்தவன், நிலமே வைத்திருக்க விடப்படாதவனைப் பார்த்துச் சொல்லும் 'எங்கள் ஊர்' தாக்குதல். எவன் அதிகாரத்தின் எந்தப் பக்கத்தில் நிற்கிறான் என்பதைக் கேளாமல் வாக்கியத்தை மட்டும் எடைபோடுவது கணிதமாகலாம், அறமாகாது.

எம்மவர் இதை அறியாதவரும் அல்லர். 2007 ஜூன் 7ஆம் நாள் கொழும்பு விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வெளியேற்றப்பட்டபோது நாம் கொதித்தோம். கொழும்பில் வாடகை வீடு கேட்டுப் பெயரைச் சொன்னதும் கதவு சாத்தப்பட்ட கதை இல்லாத குடும்பம் இங்கே அரிது. அக்கதையைக் கண்கலங்கச் சொல்பவரே நண்பரின் விடயத்தில் "அயல் என்ன சொல்லும்" என்கிறார்.

எமக்கும் ஒரு கடன் உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, ஐந்து வயதுப் பிள்ளையாய்த் தாயாரின் கையைப் பற்றிக்கொண்டு வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பாலம் கடந்து இதே தென்மராட்சிக்கு வந்தோம். முன்பின் அறியாத ஒருவர் வீட்டு விறாந்தையிற் பல மாதங்கள் படுத்தோம். அன்று எல்லா வீடுகளும் திறந்தன என்று எழுதினால் அழகாயிருக்கும். எங்களுக்குத் திறந்தன. மரங்களின் கீழும் பாடசாலைகளிலும் கிடந்தோர் பலர். போர் முடிந்து ஆண்டுகள் சென்ற பின்னரும் முகாம்களில் எஞ்சியிருந்தோருட் பெரும்பாலோர் காணியற்ற ஒடுக்கப்பட்ட மக்களே என்பது இங்கு யாவரும் அறிந்தது.

இடதுசாரிகளாகிய எமது தவறையும் சொல்லவேண்டும். 1973ஆம் ஆண்டின் வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டம் ஒருவன் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று கேட்டது. நல்ல கேள்வி. ஒருவன் எந்த ஒழுங்கையிற் குடியிருக்கலாம் என்று எவரும் கேட்கவில்லை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் தேநீர்க் கடையையும் ஆலய வாயிலையும் தொட்டது. தன் வீட்டை ஒருவன் விற்க மறுப்பதை அது எட்டவில்லை. அப்புறம் காசு பெருகினால் சாதி கரையும் என்று மேடைகளிற் சொல்லிவந்தோம். இங்கே ஒருவர் மூன்று இலட்சத்தை மனமுவந்து இழக்க ஆயத்தமாயிருக்கிறார்! சந்தை சாதியைக் கரைக்கவில்லை. சாதியிடம் கழிவு கேட்டு வாங்கிக்கொண்டது.

இனி நாம் செய்தது. எம் துணைவியார், "நாங்கள் விட்டால் இன்னொருவர் வாங்குவார். அதனால் உங்கள் நண்பருக்கு வீடு கிடைக்குமா?" என்று கேட்டார். மறுக்கமுடியாத கேள்வி. நண்பரிடமே சென்று சொன்னோம். அவர் சிரித்தார். "மாஸ்டர், எனக்கு விக்காத வீட்டை நீங்களும் வேண்டாமெண்டால் அதில எனக்கென்ன லாபம்? மலிவாய்த் தாறார், வாங்குங்கோ" என்றார். அந்தச் சிரிப்பில் இருந்தது பெருந்தன்மையா களைப்பா என்று எம்மால் அறியக்கூடவில்லை. நாம் வாங்கவில்லை.

இதைத் தியாகமென்று சிலநாள் எண்ணியிருந்தோம். ஆறு மாதங்களின் பின் இரண்டு ஒழுங்கை தள்ளி வேறொரு வீடு வாங்கினோம். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லைக் காணிக்காரர் நால்வரும் குடிபூரலுக்கு வந்து பாற்சோறு உண்டனர். ஏன் கேட்கவில்லை என்பது எமக்குத் தெரியும். முன்னைய வீட்டை மறுத்த எமது அறம், பின்னைய வீட்டை எமக்கு எளிதாக்கிய அதே கணக்கைத் தொடவேயில்லை. (வீடு துணைவியார் பெயரில் எழுதப்பட்டது. அவர் அதை விற்பதானால் எமது எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்தது. எமது காணியை நாம் விற்க அவர் சம்மதம் வேண்டியதில்லை. அனுமதியைப் பற்றி எழுதும்போது அதை மறைத்தல் நேர்மையன்று.)

இப்போது எமது கிணற்றிற் பங்குள்ள மேற்குக் காணி விலைக்கு வந்திருக்கிறது. உரிமையாளரான ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், "நல்ல ஆள் ஒருத்தரைப் பாருங்கோ தம்பி, நீங்கள் சொன்னால் சரி" என்று எம்மிடமே பொறுப்பை ஒப்படைத்திருக்கிறார். ஏனைய மூன்று எல்லைக்காரரிடமும் அவர் அப்படியே சொல்லியிருப்பார். வருகிற ஞாயிறு நாம் அவரிடம் போகிறோம். விலையைப் பேசுமுன் நண்பரின் பெயரைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருக்கிறோம். நண்பரும் உடன் வருவதாகச் சொன்னார். பின்னர், "நீங்கள் முதல் போய்ப் பாருங்கோ மாஸ்டர்" என்றார்.