கற்ற குரலும் கல்லாத குரலும்

பலர் கூடி இறைவனை வழிபடும் இடத்தில் யார் பாட வேண்டும்? இசை கற்றவரா, கூடியிருப்போர் அனைவருமா? எளிய வினாவாகத் தோன்றினும், இது அழகுக்கும் அன்புக்கும் இடையே எழுந்த பழைய வழக்கு என்பது சற்று ஆழ்ந்து நோக்குவோர்க்குப் புலனாகும்.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் 1928ஆம் ஆண்டில் எழுந்த லூர்து அன்னை ஆலயம் போன்ற ஓர் ஆலயத்தில் ஞாயிறு காலைத் தமிழ்த் திருப்பலி நடப்பதாக எண்ணிப் பார்க்கலாம். நடு வரிசையில் ஒரு மூதாட்டி. இளமையில் தோட்டத்துச் சிற்றாலயத்தில் காதால் கேட்டுக் கற்ற பாடல்களே அவர் அறிந்த இசை. சுருதியில் அவர் குரல் நிற்பதில்லை; தாளத்துக்கும் அரைக்கணம் பிந்தும். முன் வரிசையில் பாடகர் குழுவைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி. பள்ளி விடுமுறையில் திருவழிபாட்டு இசைப் பயிற்சி முகாமொன்றில் தங்கிப் பயின்று திரும்பியவள். செவி கூர்மை பெற்றவள். பின்னாலிருந்து பிசகிய குரல் வந்ததும் அவள் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாள். ஒரு சொல்லும் சொல்லவில்லை, பார்த்தாள், அவ்வளவே. அடுத்த ஞாயிறு முதல் மூதாட்டியின் உதடுகள் மட்டும் அசைகின்றன. குரல் எழவில்லை.

அந்த ஆலயத்தில் இசை சிறந்ததா, குறைந்ததா? இதுவே வழக்கு.

இவ்வழக்கின் வரலாறு நீண்டது. மேடை நாடக இசையின் பகட்டு ஐரோப்பிய ஆலயங்களுக்குள் புகுந்திருந்த காலத்தில், 1903ஆம் ஆண்டு நவம்பரில், திருத்தந்தை பத்தாம் பயஸ் ஓர் ஆணை பிறப்பித்தார். கிரகோரியன் பண்ணை மீண்டும் முதன்மைப்படுத்திய அவர், அதனைப் பொதுமக்களும் பாட வேண்டும் என்றும் விரும்பினார். ஆயினும் திருப்பலி இலத்தீனிலேயே தொடர்ந்தது. பொருள் விளங்காத மொழியில் பாடகர் பாட, மக்களுள் பலர் தத்தம் செபங்களைத் தமக்குள் முணுமுணுத்திருந்தனர். 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு மக்கள் மொழிக்கு வாயிலைத் திறந்தது. மக்கள் முழுமையாகவும் உணர்ந்தும் செயலாகவும் வழிபாட்டில் பங்கேற்க வேண்டும் என அது வலியுறுத்தியது.

தமிழர்க்கு இக்கருத்து புதிதன்று. புரியாத மொழியில் பாடும் இசை நெஞ்சைச் சேருமா என்னும் வினாவே தமிழிசை இயக்கத்தின் வித்து. 1943ஆம் ஆண்டில் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியதும் அவ்வினாவுக்கு விடை காணவே. ஆலயத்திலும் மொழி தமிழாயிற்று. ஆனால் மொழி தமதான பின்னரும் குரல் தமதாயிற்றா? மூதாட்டியின் மௌனம் எழுப்பும் வினா அதுவாகும்.

பயிற்சியே வேண்டாவென்று இதனால் முடிவு கட்டிவிடலாகாது. இங்கிலாந்தில் 1929ஆம் ஆண்டில் தோன்றிய புனித கிரகோரியார் சங்கம், கோடை விடுமுறையில் உடனுறைந்து கற்கும் திருவழிபாட்டு இசைப் பள்ளிகளை நடத்திப் புகழ்பெற்றது. இந்தியாவில் 1967ஆம் ஆண்டில் பெங்களூரில், அமலோர்பவதாஸ் அடிகளாரை முதல் இயக்குநராகக் கொண்டு, விவிலியம், மறைக்கல்வி, திருவழிபாடு ஆகியவற்றுக்கான தேசிய நடுவம் தொடங்கப்பட்டது. திருச்சிராப்பள்ளியில் 1977ஆம் ஆண்டில் தோன்றிய கலைக்காவிரி, தமிழிசையையும் பரதத்தையும் கிறித்தவக் கலைப்பணியோடு இணைத்தது. மலேசியாவில் கோடை என்றொரு தனிப் பருவம் இல்லை. பள்ளி விடுமுறையே அதன் இடத்தில் நிற்கிறது. எங்கு நடப்பினும் இத்தகைய பயிற்சியின் நோக்கம் ஒன்றே: வழிபாட்டை அறிந்து பாடுதல்.

அறியாது பாடுவதால் விளையும் கேடும் சிறிதன்று. பாடலைத் தொடங்குபவர் தம் குரலுக்கு ஏற்ற உயர்ந்த சுருதியை எடுத்துவிட்டால், ஆடவரும் முதியோரும் இரண்டாம் அடியிலேயே வாய் மூடுவர். சொற்களைச் சிதைத்துப் பாடினால் பொருள் மறையும். பதிலுரைப் பாடலில் மக்கள் திரும்பச் சொல்ல வேண்டிய அடி நீண்டும் சிக்கலாகவும் அமையின், அது மக்கள் பாடலாகாமல் தனிப்பாடலாகி விடும். எனவே பக்தி மட்டும் போதும் என்பவர், தம் கவனக்குறைவுக்குப் பக்தி எனப் பெயர் சூட்டுபவராவர். இறைவனுக்குப் படைக்கும் மலரைக்கூட வாடியதா எனப் பார்த்துத் தொடுக்கும் மக்கள், படைக்கும் பாடலை மட்டும் பாராமல் விடுதல் முறையாகுமா? ஆதலின் இளம்பெண் கற்றது பிழையன்று.

அவ்வாறாயின் பிழை எங்கே? கல்வி பாதியில் நின்றதே பிழை. உடனுறை பயிற்சியின் சிறப்பு பாடவேளையில் மட்டும் இல்லை. விடியற்கால மன்றாட்டு முதல் இரவு மன்றாட்டு வரை ஒன்றாக இருந்து, ஒரே பந்தியில் உண்டு, தத்தம் ஊரில் முன்னணிப் பாடகராய் விளங்கிய பலரும் அங்கே பலருள் ஒருவராகி விடுகின்றனர். நீண்ட அடியொன்றைப் பாடும்போது ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவர் பாட்டைத் தாங்கிக் கொள்கிறார், இசை அறுவதில்லை. அண்டையில் நிற்பவரின் குரலைக் கேளாதவரால் இவ்வாறு பாட இயலாது. அங்கே உண்மையில் பயில்வது பாடுதலைவிடக் கேட்டலே. அந்தச் செவியை முகாமிலேயே விட்டுவிட்டுத் தொண்டையை மட்டும் ஊருக்குக் கொண்டு வந்தாள் அப்பெண்.

வள்ளுவர் கல்வியை நாற்பதாம் அதிகாரத்தில் வைத்தார். கல்லாமையை அடுத்து வைத்தார். நாற்பத்திரண்டாம் அதிகாரத்தைக் கேள்விக்கு அளித்தார். கற்றவன் கல்லாதவனைக் கண்ட பின்னர்ச் செய்யத்தக்கது செவி கொடுத்தலே என்று அம்முறைவைப்புக்குப் பொருள் கொள்ளினும் தவறாகாது. திருவழிபாட்டு ஏடும் ஒரே பத்தியில் இரண்டையும் கூறுகிறது: பாடகர் குழுக்களை வளர்க்க வேண்டும், அதே வேளையில் கூடியுள்ள மக்கள் அனைவரும் தமக்குரிய பங்கினை ஆற்றவும் வழி செய்ய வேண்டும். ஒன்றை மற்றொன்றுக்குப் பலியிட அது இடந்தரவில்லை.

இது கத்தோலிக்கர்க்கு மட்டும் உரிய வினாவன்று. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் செபமாலை அன்னை ஆலயமும், சயோன் லூத்தரன் ஆலயமும், இலங்கைத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோவிலும் ஒன்றற்கொன்று அணித்தே நிற்கின்றன. பண் வழுவாது தேவாரம் ஓதும் ஓதுவாரும் வேண்டும். பத்துமலையில் காவடியின் பின்னே தொண்டை கட்டப் பாடிச் செல்லும் கூட்டமும் வேண்டும். முன்னவர் இல்லையேல் மரபு அழியும். பின்னவர் இல்லையேல் அம்மரபு யாருக்காக என்னும் வினாவுக்கு விடை இராது.

வகுப்பறையும் இதற்கு விலக்கன்று. செய்யுளை இனிமையாகப் பாடும் ஆசிரியரைக் கண்டு வியக்கும் மாணவர் உண்டு. அவ்வியப்பிலேயே வாயடைத்துப் போகும் மாணவரும் உண்டு. ஆசிரியர் பாடியபின் கடைசி வரிசை மாணவனும் பாடத் துணிந்தானா என்பதே அவர் கற்ற கல்விக்கு உரைகல். தன் ஒளியால் பிறர் கண்ணைக் கூசச் செய்வதும் விளக்குத்தான். பிறர்க்கு வழி காட்டுவதும் விளக்குத்தான். இரண்டும் ஒன்றாகா.

ஆகவே யார் பாட வேண்டும் என்னும் வினாவுக்கு விடை இதுவாகலாம்: அனைவரும் பாட வேண்டும்; அனைவரும் பாடுவதற்காகச் சிலர் கற்க வேண்டும். அந்த இளம்பெண் செய்யத்தக்கது மிகச் சிறிது. அடுத்த ஞாயிறு பாடலை அரைச் சுருதி தாழ்த்தித் தொடங்கலாம். திருப்பலிக்கு முன் மூதாட்டியின் அருகில் சென்று அமர்ந்து, "பாட்டி, தோட்டத்தில் இதை எப்படிப் பாடினீர்கள்?" எனக் கேட்கலாம். மூதாட்டி பாடுவார், தாளம் பிந்தும். அப்பெண் திரும்பிப் பார்க்காமல் உடன் பாடுவாளாயின், அவள் கற்க வேண்டியது முற்றுப்பெற்றது எனலாம்.