தோட்டத்து அம்மனின் நிலம் யாருடையது?

பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மனும், சற்றுத் தள்ளி மரத்தடியில் ஒரு முனீஸ்வரரும் இல்லாத தோட்டம் அரிது. கோயிலை எழுப்பியது தொழிலாளர்களின் உழைப்பு. நிலம் கம்பெனியுடையது. துரை வாய்மொழியாகத் தந்த சம்மதம்தான் பல கோயில்களுக்கு இருந்த ஒரே ஆதாரம். அந்தச் சம்மதத்தைத் தானமாகக் கொள்ள முடியுமா?

தர்மசாஸ்திர உரைகள் தானத்துக்கு இரண்டு கூறுகளைச் சொல்கின்றன. கொடுப்பவர் தம் உரிமையை அடியோடு விட வேண்டும். பெறுபவரிடம் அந்த உரிமை உண்டாக வேண்டும். இரண்டும் நிகழாவிட்டால் அது இரவல். சோழர் காலக் கல்வெட்டுகள் இதில் வெகு கறாரானவை: நிலத்தின் நான்கெல்லையைச் சொல்லி, நீர் வார்த்து, இறையிலியாக்கி, சந்திர சூரியர் உள்ளவரை என்று முடிப்பார்கள். சிவன் கோயில் நிலத்தை வாங்குவதும் விற்பதும் சண்டேசுவரர் பெயரில் நடந்தன. ஆக, உடையவர் இறைவன் என்றாலும், கணக்குக்கு ஒரு பொறுப்பாளர் தேவைப்பட்டார்.

இறைவன் உண்மையிலேயே சொத்துக்கு உடையவர் ஆவாரா என்பதில் நம் மரபுக்குள்ளேயே சண்டை உண்டு. ஒரு பொருளை விருப்பம்போல் பயன்படுத்துபவரே அதன் உடைமையாளர், தெய்வம் அப்படிப் பயன்படுத்துவதில்லை, ஆகவே 'தேவர் ஊர்' என்பது வெறும் உபசார வழக்கு என்றார் மீமாம்ச உரையாசிரியர் சபரர். பக்தருக்கு இது கசக்கும். ஆங்கிலேயர் ஆட்சியில் இந்திய வழக்குகள் மறுபக்கம் சாய்ந்தன. 1925-இல் லண்டன் பிரிவி கவுன்சில், பிரதிஷ்டை செய்யப்பட்ட தெய்வத்தைச் சட்டப்படி ஒரு நபராக ஏற்றது. மலேசிய நிலப் பதிவேடோ சபரர் பக்கம்தான். அங்கே உடைமையாளராக ஏறுவது மனிதர், நிறுவனம், சட்டம் அனுமதித்த அமைப்பு ஆகியோர் மட்டுமே.

துரையின் சம்மதம் எவ்வளவு நிலையற்றது என்பதற்கு, பத்து காஜா அருகே கெல்லி கோட்டையின் பக்கத்தில் உள்ள மாரியம்மன் கோயில் கண்கூடான சாட்சி. முதல் உலகப் போரை ஒட்டிப் பரவிய விஷக்காய்ச்சலில் தொழிலாளர்கள் மாண்டபோது, அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டார்களாம். தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டிக்கொடுத்தார். கோயிலின் மேல்தளத்தில் தெய்வ உருவங்களுக்கு நடுவே வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக ஒரு துரை சிலை நிற்கிறது. நன்றிக்கு இதைவிட என்ன செய்வது! 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்தார். பாதியில் நின்ற கோட்டை ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு கம்பெனிக்கு விலைபோனது. முதலாளியின் நல்லெண்ணத்தைச் சிலையாக வடிக்கலாம், அடுத்த முதலாளியை அது கட்டுப்படுத்தாது.

1950-களில் தோட்டத் துண்டாடல், அதாவது பெருந்தோட்டங்களைத் துண்டுகளாக விற்பது, தொடங்கியதும் இந்தச் சிக்கல் வெளியே வந்தது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தொழிலாளர் பணத்திலேயே தோட்டங்களை வாங்க வழிசெய்தார். மற்ற இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்தன. பட்டா கைமாறியதும் வாய்மொழிச் சம்மதம் செல்லாக்காசு.

இடம் மாற்றுவதை ஆகமம் தடுக்கவில்லை. சக்தியைக் கும்பத்துக்கு இறக்கிப் பாலாலயம் என்ற தற்காலிகச் சன்னிதியில் வைக்க முறை இருக்கிறது. ஆனால் எல்லை காக்கும் முனீஸ்வரருக்கு அந்த எல்லையே இருப்பு. அவரைக் கும்பத்தில் ஏற்றிக் கொண்டுபோவது எளிதாக ஒப்புக்கொள்ளக்கூடியதில்லை. தோட்டத்துக்கு வெளியிலும் இதே கதைதான்: கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில் இருந்த நிலத்தை மாநகர் மன்றம் 2014-இல் ஒரு துணி வணிக நிறுவனத்துக்கு விற்றது. 2025 மார்ச்சில், சுமார் 50 மீட்டர் தள்ளி வேறிடம் செல்லக் கோயில் தரப்பு உடன்பட்டது. பொது நிலமானாலும் உரிமை எழுத்தில் வராதவரை கோயில் இரவலில்தான் இருக்கிறது.

பேராக்கில் நிலத்தின் மீதான அதிகாரம் மாநில அரசுடையது. ஈப்போ மாநகர மன்றம் விரும்பினால் மட்டும் போதாது. தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆம் பிரிவில் ஒரு துண்டைக் கோயில் ஒதுக்கீடாகக் கெஜட் செய்யலாம். அது பாதுகாப்பு, உடைமை இல்லை. அரசே அதை ரத்து செய்யவும் முடியும். தானத்தின் இரு கூறுகளும் நிறைவேறுவது பட்டா பெயர் மாறும்போதுதான். அதற்குப் பெறுபவர் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பதிவில்லாத கோயில் கமிட்டி, யாராவது நிலம் கொடுக்க வந்தாலும் வாங்க முடியாமல் நிற்கும். பதிவு பெற்ற சங்கமோ, 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி தன் பெயரிலேயே நிலத்தை வைத்துக்கொள்ளலாம். பத்திரத்தில் மூன்று பொறுப்பாளர்கள் கையெழுத்திட வேண்டும்.