அரைப்பேர்

கண்டியில் பின்னேரக் கூட்டம் என்றால் பேச்சாளர் யார் என்பதைவிட, தெல்தோட்டைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். அந்த மலையை விட்டு நகரத்துக்குக் குடிவந்து முப்பது வருடமாகிறது. ஆனாலும் ஆறு மணி தாண்டினால் கை தானாகப் பையைத் தேடுகிறது.

பேச்சுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. வாவிக் கரையில் 1958இல் தொடங்கிய பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கம் இருக்கிறது. அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் 1972இல் தொடங்கிய சத்தியோதயம் இருக்கிறது. சிங்களக் கிராமத்தவரையும் தோட்டத் தமிழரையும் ஒன்றாக உட்கார்ந்து பேசவைக்கப் பாடுபட்ட இடம் அது. 1982இல் வந்தது இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம், வரலாற்றாசிரியர் கே. எம். த சில்வா இங்கே நெடுங்காலம் அதை நடத்தினார். பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சொல்லவே வேண்டாம். நூல் எழுதியவரையே கூப்பிட்டு, அந்த நூலைப் பற்றியே பேசச் சொல்லிக் கேட்பது இங்கே பழைய வழக்கம். வீட்டில் இருந்து வாசித்தால் போதாதா என்று என் கணவர் கேட்பார். போதும்தான். ஆனால் புத்தகம் நம் முகத்தைப் பார்ப்பதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆய்வு நூலகத்தில் தேயிலைத் தோட்டக் கூலியைப் பற்றி ஒரு கூட்டம். பேச்சாளர் வெளிநாட்டில் படித்த இளம் ஆய்வாளர். பேச்சு முழுக்க ஆங்கிலத்தில். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டதிலிருந்து தொடங்கினார். எங்கள் பக்கத்து மலை அது. பிறகு 'துண்டு'க்கு வந்தார்: இவ்வளவு கடனைக் கட்டினால் இந்தக் கங்காணியின் ஆட்களை விடுகிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுத்த சீட்டு. 1921இல்தான் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். அடுத்து தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிய 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம். அதன்பின் அவர்களை இரண்டு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். திரையில் மூன்றே எண்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், முடிவு சொல்லாமல் விட்டது 1,50,000 பேர்.

முதல் எண்ணுக்குள் என் அத்தை இருந்தாள். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றித் தலைமன்னாருக்குப் போன ரயிலை எங்கள் சனம் 'ஒப்பாரிக் கோச்சி' என்றது. அத்தையை ஏற்றிவிடப் போன அன்று அழுதது ஞாபகமில்லை, ஸ்டேஷனில் யாரோ வாங்கித் தந்த கடலைதான் ஞாபகம். ஆனால் அந்த எண்ணைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் வீட்டில் பேசிக்கொண்டிருந்த வரைக்கும் அது தலையெழுத்து. திரையில் பார்த்தபோதுதான், இரண்டு அரசாங்கங்கள் மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்து எடுத்த முடிவு என்று உறைத்தது. ஆய்வாளர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்றால் இதற்காகத்தான்.

கடைசியாகக் கூலிக் கணக்கு. நிர்ணயித்த கிலோ வராவிட்டால் அரைநாள் சம்பளம்தான் என்று அவர் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்குமுன், பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். கேள்வி நேரம் வரவில்லை என்று யாரோ கையமர்த்தப் பார்த்தார்கள்.

"அதுக்கு அரைப்பேர்னு சொல்லுவோம்மா. நாங்க முழுசாத்தான் வேலை செஞ்சிருப்போம். கொழுந்து கொறஞ்சா கணக்கப்பிள்ளை பேர பாதியா வெட்டிருவாரு."

யாரோ மொழிபெயர்த்தார்கள். ஆய்வாளர் பேச்சை நிறுத்தி, அந்தச் சொல்லை இரண்டு தடவை சொல்லவைத்து எழுதிக்கொண்டார். அவரை எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான்.

அந்தச் சொல் எனக்கும் தெரியும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்றுதான் சொல்வோம். வரவுப் பதிவேடான செக்ரோலில் பேர் விழுந்தால் கூலி. "இன்னைக்கு அரைப்பேர்தான்" என்று கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த அம்மாவிடம், பேரில் எந்தப் பாதியை வெட்டினார்கள், முன்பாதியா பின்பாதியா என்று கேட்டு அடிவாங்கியிருக்கிறேன். திரையில் அரைநாள் சம்பளம் என்று வந்ததுமே அந்தச் சொல் என் நாக்குக்கு வந்துவிட்டது. ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை.

ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கூச்சம் என்று சொல்லிவிடலாம், முழு உண்மை அதுவல்ல. அந்த மண்டபத்தில் யாரும் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பதற்காகவே நான் ஆங்கிலம் படித்தேன், சேலை கட்டும் விதத்தை மாற்றினேன், தோட்டத்து வரிசை வீடுகளுக்கு நாங்கள் சொல்லும் 'லயம்' என்ற சொல்லை விட்டேன். கையை உயர்த்தி 'அரைப்பேர்' என்றால், கேட்க வந்தவள் அந்த நிமிடமே உதாரணமாகிவிடுவேன். தேநீர் இடைவேளையில் நாலு பேர் அன்பாக வந்து என் பிள்ளைப் பருவத்தை விசாரிப்பார்கள். அந்த அன்புக்குத்தான் எனக்குப் பயம்.

சி. வி. வேலுப்பிள்ளையை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன். 1914இல் தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். ஆங்கிலத்திலும் எழுதினார், தோட்டத்துச் சனத்தின் பாட்டுகளையும் சேகரித்தார். சொல்கிறவராகவும் சொல்லப்படுகிறவராகவும் ஒரே ஆள் இருக்கலாம் என்பதற்கு அவர் சாட்சி. படித்தபோது சரி என்று பட்டது, நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது உதவவில்லை.

கேள்வி நேரம் வந்தது. வழக்கம்போல ஓய்வுபெற்ற கனவான் ஒருவர் எழுந்து, கேள்வியே இல்லாத கேள்வி ஒன்றைப் பத்து நிமிடம் கேட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். பின்வரிசை நாற்காலி காலி. பஸ் நேரமாகியிருக்கும். அதுவும் அந்தக் கூட்டங்களின் வழக்கம்தான்: தோட்டத்தைப் பற்றி அதிகம் தெரிந்தவருக்குத்தான் முதலில் பஸ் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஏனோ நானும் எழுந்துவிட்டேன். பேராதனை வீதியில் தூறல். தரிப்பிடத்தில் அவர் நின்றார். கூட்டத்தில் கொடுத்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார், மேலே ஒரு பொலித்தீன் சுற்றி.

"எந்த ஊரும்மா?"

"கண்டிதான்" என்றேன். பழக்கதோஷம்.

அவர் தலையாட்டினார். ஒரு பஸ் வந்து நின்று போனது. அது எங்கள் பக்கம் போகிற பஸ் இல்லை.

"தெல்தோட்டைப் பக்கம்" என்றேன்.

"டவுனா, தோட்டமா?"

"தோட்டம். மேல் டிவிசன்."

அம்மாவின் பேரைக் கேட்டார். சொன்னேன். தூறலுக்குள் கண்ணைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"மூணாம் லயமா?" என்றார்.